திருச்சிக்குக் கேட்ட குரல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பார்சல் ஆபீஸில் டெலிபோன் எடுக்கும் பெண்ணுக்குப் புடவை, பவுடர், மூக்கு, முழி எதுவும் வேலைக்கு ஆகாது. கூப்பிடுகிறவருக்கு நம்மிடமிருந்து கிடைப்பது குரல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் அவர் நம்மை நம்புவார், திட்டுவார், சமயத்தில் கல்யாணப் பத்திரிகை கூட அனுப்புவார்.

அடுத்த மாதம் நான் காரைக்கால் கிளையை விட்டுத் திருச்சித் தலைமை அலுவலகத்துக்குப் போகிறேன். வேலைக்கு வரும் பெண்களிடம் போனிலேயே பேசித் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். "போறதுக்குள்ள எங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கக்கா" என்று நீங்கள் கேட்டீர்கள். பார்சல் எப்படிப் பதிவது, எந்த லாரி எப்போது கிளம்பும் என்பதெல்லாம் தானாகப் பழகிவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. நானே போனில் தேர்வான கதையை எழுதுகிறேன். எஸ்.டி.டி. பூத்துகள் வந்துவிட்ட இந்த நாளில் அது ஏதோ ராஜா காலத்துக் கதை மாதிரி இருக்கும். உண்மையில் சில வருஷங்கள்தான் ஆகின்றன. எனக்கு இன்னும் முப்பது கூட ஆகவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

விழிதியூரில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டவுனில் டைப்பும் முடித்தபோது எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போதும் அது முழுசாகக் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

என் தங்கை மலர் அந்த வருஷம் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதாவது படிக்கக் காரைக்காலுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தபோது அப்பா சொன்னார்:

"பெரியவ படிச்சு என்னத்தக் கண்டோம்? வூட்டுல குந்திக்கிட்டுப் பேப்பரு பாக்குறா. சின்னவளும் படிச்சு ரெண்டு பேருமாக் குந்திக்கிட்டா எப்படி?"

"வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேம்ப்பா."

"வரட்டும். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள நீ ஒரு வேலையில உக்காந்துட்டா அவ டவுனுக்குப் போவட்டும். இல்லாட்டி எங்களோட குறுவை நடவுக்கு வரட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மாட்டைக் கட்டிக்கொண்டே, நாளைக்கு மழை வருமா வராதா என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதை அப்பா மாற்றிக்கொள்வார். நிதானமாகச் சொன்னதை மாற்றியதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தக் கம்பெனி காரைக்காலில் கிளை திறக்க இருந்தது. மேரி என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தார்கள். டெலிபோனுக்கு ஒரு பெண் தேவை என்று விளம்பரம் வந்தது. போன் எண் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் தருமபுரத்தில் ஹமீதா லாத்தா வீட்டு எண்ணை எழுதி, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டேன். போன் நம்முடையது இல்லை, கேட்டால் கூப்பிட்டு விடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். என் அம்மா பால் ஊற்றிக்கொண்டிருந்த வீடு அது. லாத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா; ஹமீதா லாத்தாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவர் சவூதியில் இருந்தார். அவர் கூப்பிடுவதற்காகவே போன் வைத்திருந்தார்கள்.

திருச்சியிலிருந்து கார்டு வந்தது. நேரில் வர வேண்டாம், வியாழக்கிழமை காலை ஆப்பரேட்டர் மூலம் டிரங்க் காலில் பேசுவோம் என்று எழுதியிருந்தது. டெலிபோன் வேலைக்கு முகம் எதற்கு என்பது அங்கிருந்த மானேஜரின் கொள்கை.

நான் தயாரானேன். எப்படி என்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

டைப் இன்ஸ்டிட்யூட்டில் கிடைத்த ஒரு கைடில் நேர்முகத் தேர்வுக்கான கேள்வியும் பதிலும் இங்கிலீஷில் இருந்தன. அத்தனையையும் பரீட்சைக்குப் படிப்பதைப் போல வரிசையாக மனப்பாடம் செய்தேன். அடுத்தது குரல். நம் பக்கத்தில் டிரங்க் கால் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கம்பியை நம்பாமல், தன் தொண்டையே சவூதி வரைக்கும் போக வேண்டும் என்பது போலக் கத்துவார்கள். தெருவே கூடிநின்று நலம் விசாரித்துக்கொள்ளும். டிரங்க் கால் என்றால் கத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனவே மலரை வாய்க்காலுக்கு அந்தக் கரையில், நன்றாகத் தள்ளி நிற்க வைத்துவிட்டு இந்தக் கரையிலிருந்து ஒத்திகை பார்த்தேன். தண்ணீர் திறக்காத கோடை. வாய்க்காலுக்குள் இறங்கித் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள்.

"ஒய்... டூ யூ... வாண்ட்... திஸ் ஜாப்?" என்று மலர் அங்கிருந்து கூவினாள்.

"சார்! பிகாஸ் ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர் சார்!" என்று நான் இங்கிருந்து கூவினேன்.

வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. எங்கள் சித்தப்பா. "என்ன புள்ள, காலங்காத்தால அக்காளும் தங்கச்சியும் சண்டை?"

"சண்டை இல்ல சித்தப்பா, இன்டர்வியூ."

"இன்டர்வியூவா? பாவம், அந்தாளுக்குக் காது கேக்காதா?"

புதன்கிழமை ஹமீதா லாத்தா வீட்டுக்குப் போய் நாளைக்குப் போன் வரும் என்று ஞாபகப்படுத்தினேன். அவர் உற்சாகமாகிவிட்டார். "வா, நான் கேக்குறேன், நீ சொல்லு. ஆனா என் முன்னாடி நிக்காத. கதவுக்கு அந்தப் பக்கம் போ. மூஞ்சியப் பாக்காமப் பேசுறதுதான் புள்ள செரமம்."

"அதுல என்ன லாத்தா செரமம்? பதில் தெரிஞ்சாப் போதாதா?" என்று நான் கிளம்பிவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. அல்லவா!

ஒன்றைச் சொன்னால்தான் மீதி புரியும். அந்த வீட்டில் அப்போது ஆண்கள் யாரும் இல்லை. லாத்தாவும் மாமியாரும்தான். மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார், செங்கல்காரர், தச்சர், யார் வந்தாலும் லாத்தா வெளியே வர மாட்டார். பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். வருகிறவருக்கு அவருடைய குரல்தான் தெரியும். அவருக்கும் வருகிறவரின் குரல்தான் தெரியும். வீட்டு வேலை முழுவதையும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு போனேன். லாத்தா மேலும் கீழும் பார்த்தார். "ஏன் புள்ள, கம்பி வழியா மல்லியப்பூ வாசமும் திருச்சிக்குப் போவுமா?"

போன் வாசல் கதவை ஒட்டி ஒரு ஸ்டூலில் இருந்தது. மணி அடித்ததும் எடுத்தேன்.

"திருச்சி பி.பி. கால். வசந்தா இருக்காங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"எஸ் சார்! குட் மார்னிங் சார்!"

"நான் ஆப்பரேட்டர்ம்மா. இருங்க, குடுக்குறேன்."

அடுத்ததாக ஓர் ஆண் குரல். "வணக்கம்மா. லைன் நல்லாக் கேக்குதா?"

"சார்! மை நேம் இஸ் வசந்தா சார்! மை நேட்டிவ் பிளேஸ் இஸ்..."

"அம்மா, அம்மா. மெதுவா. நீங்க போனை வச்சுட்டுப் பேசினாலே எனக்குக் கேட்டுடும் போலிருக்கு."

அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. குரலைத் தணித்தால் மனப்பாடம் வர மறுத்தது. வாய்க்கால் கரையில் கத்திக் கத்திப் படித்தது கத்தினால்தான் வந்தது. "வீடு எங்கம்மா, ஆபீசுக்கு எப்படி வருவீங்க?" என்று அவர் கேட்டார். வரிசைப்படி அடுத்து வர வேண்டிய கேள்வி லட்சியம் பற்றியது. நான் என் லட்சியத்தைச் சொன்னேன். "பார்சல் வரலேன்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார். என் பொழுதுபோக்கு தையல் என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரிம்மா. நாங்க கடுதாசி போடுறோம்."

இந்த வார்த்தையின் அர்த்தம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே நேரம் ஆப்பரேட்டர் குறுக்கே வந்து, டிரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடியப் போகிறது என்றார். மலர் நாற்று முடிச்சோடு குனிந்து நிற்பது என் கண்ணுக்குள் வந்தது.

அப்போதுதான் வாசலில் லாரி வந்து நின்றது.

"மணலு வந்திருக்கு! எங்க கொட்டுறது? சீக்கிரம் சொல்லுங்கம்மா! இன்னும் எத்தன எடத்துக்குப் போவணும்! ஆளு யாரும் இல்லியா வூட்டுல? இப்படியே வாசல்லயே கொட்டிட்டுப் போயிடவா?" டிரைவரின் சத்தத்தில் கதவு அதிர்ந்தது.

லாத்தா கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஆள் தன் கூச்சலை எல்லாம் கொட்டி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, பக்கத்தில் இருக்கும் என்னிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"அண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி தரட்டுமா?"

"தண்ணியெல்லாம் வேணாம்மா. எடத்தக் காட்டுங்க."

"ஆத்து மணல்தானே அண்ணே?"

"ஆமாமா. அரசலாத்து மணலு."

"அப்ப கொட்டுங்க. கொட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுப் பாத்துட்டுக் கொட்டுங்க."

"என்னம்மா இது, மணல யாராச்சும் திம்பாங்களா?"

"திங்க வேணாம்ணே, துப்பிடுங்க. உப்புக் கரிக்கலேன்னா கொட்டுங்க. கரிச்சா, எங்க வீட்டுச் செவுருதான் காலத்துக்கும் வேத்துக்கிட்டு நிக்கும்."

டிரைவர் இறங்கிப்போன குரலில், "ஓனரு ஏத்திவிட்டத ஓட்டிக்கிட்டு வந்தேன் தங்கச்சி. எனக்கு என்ன தெரியும்?"

"உங்க மேல தப்பு சொல்லலண்ணே. திருப்பிக் கொண்டு போங்க. நல்ல மணலோட வந்தீங்கன்னா தண்ணி என்ன, டீயே தரேன்."

லாரி கிளம்பிப் போனது. போனை வைக்கலாம் என்று பார்த்தால், அந்த முனையில் மானேஜர் இன்னும் இருந்தார். "எக்ஸ்டென்ட் பண்ணுங்க, எக்ஸ்டென்ட் பண்ணுங்க" என்று ஆப்பரேட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"யாரும்மா அது பேசினது?"

"இந்த வீட்டுக்காரங்க சார்."

"அவங்க வேலைக்கு வருவாங்களா?"

நீட்டித்த நிமிஷங்கள் எனக்காக இல்லை. என் தேர்வில், நான் வைத்திருந்த போனில், இன்னொருவருக்கு வேலை கிடைக்கப் போகிறது. 'வர மாட்டாங்க சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யாகவும் இருக்காது. கணவர் வெளிநாட்டில், மாமியார் உள்ளே, வெளி ஆளுக்கு முகம் காட்டாத பெண். எப்படி வருவார்? ஆனால் வர மாட்டார் என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. அடுத்தவர் வாயிலிருந்து வர வேண்டிய பதிலை அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வேலையை வாங்கிக்கொண்டு, படித்தவள் என்று நிமிர்ந்து நடக்க முடியுமா?

"எனக்குத் தெரியாது சார். கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நம் வேலையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இது வரும். உள்ளே இருக்கிறாரா, ஒப்புக்கொள்வாரா, எடுத்துப் பேசுவாரா என்று கேட்பார்கள். நமக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும். அப்போதுதான் வாயை அடக்க வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே கேட்க வேண்டும்.

நான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னேன். லாத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டு போனை வாங்கினார்.

"ஆமாங்க, நான்தான் பேசினேன்... மணல்தாங்க, வேற ஒண்ணும் இல்ல... வேலையா? எனக்கா?"

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கதவோடு சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவசரமே இல்லை.

"எத்தன மணிக்கு வரணும்?... ஓ. அசர் தொழுகைக்கு வூட்டுக்கு வந்துட்டுப் போவலாமா?... போவலாமா! நல்ல கம்பெனிதான்... வேற பொம்பளைங்க இருக்காங்களா?"

உள்ளறையில் மாமியார் இருமினார். லாத்தா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இல்லைங்க. எனக்குத் தோதுப்படாது. கேட்டீங்களே, அதுவே ரொம்ப சந்தோஷம்... இந்தப் புள்ளையா? நல்ல புள்ள. கத்தாம இருந்தா இன்னும் நல்ல புள்ள. நீங்க பரீட்சை மாதிரி கேட்டா அவ பரீட்சை பதில்தான் சொல்லுவா. சண்டை போட்டுப் பாருங்க, தெரியும்."

போன் என் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் அந்தப் பக்கம் மானேஜர் பார்சல் வராத ஆளாக மாறிச் சண்டையை ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா கம்பெனி நடத்துறீங்க? ஞாயித்துக்கிழமை எம்பொண்ணுக்குக் கல்யாணம்! கும்பகோணத்துலேருந்து போட்ட புடவை மூட்டை இன்னும் வரல! கேட்டா வரும் வரும்ங்கிறீங்க! உங்க ஆபீசுக்கே வந்து..."

வாய் வரைக்கும் வந்த 'சாரி சார்' என்பதை விழுங்கினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதவு பாதி சாத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவர் கத்தினார். கல்யாண மண்டபம், சம்பந்தி, நம் கம்பெனியின் பரம்பரை எல்லாம் வந்து போயின. நான் பேசவில்லை. கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். மூட்டைய யாரு பேருக்குப் போட்டாங்க?"

"...எம்பேருக்குத்தான்."

"பேரும் கும்பகோணத்துக் கடைப் பேரும் சொல்லுங்க. அங்க கேட்டுட்டு நானே உங்களக் கூப்பிடுறேன். கேக்காம வந்துடும்னு சொல்லி உங்கள நம்ப வைக்க மாட்டேன் சார்."

அவர் குரல் பழையபடி மானேஜர் குரலானது.

"நான் கத்தினப்ப ஏம்மா பேசாம இருந்தீங்க?"

"நீங்க இன்னும் முடிக்கலையே சார்."

அவர் சிரித்தார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். "அந்த அம்மாகிட்டயும் சொல்லுங்க. எப்ப மனசு மாறினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும்" என்றார். பொறாமை வந்தது. இருந்தாலும் அப்படியே சொன்னேன்.

"அது கடக்கரை உப்பு மணல்னு பாக்காமயே எப்படி லாத்தா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? நல்ல சரக்கு கொண்டாந்தவன் நின்னு நெதானமாக் கொட்டுவான். இவன் எதுக்குப் பறக்குறான்னு தோணுச்சு."

"வேலைய ஏன் வேணாம்னீங்க?"

"நான் எங்க வேணாம்னேன்? தோதுப்படாதுன்னுதான் சொன்னேன்" என்றார். பிறகு சிரித்துவிட்டு, "ஆனா பாரு, கூப்பிட்டாங்கல்ல? இன்னிக்கு ராத்திரி சவூதியிலேருந்து மச்சான் போன் பண்ணட்டும், சொல்றேன்" என்றார். அன்றிரவு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

திருச்சியில் உட்கார்ந்து நான் ஆள் எடுக்கும்போது, பேசும் பெண்ணுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டால் அதையும் விசாரிப்பேன். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். ஒரு முறை கேட்டாவது பார்க்க வேண்டும்.

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று மலரைக் கூட்டிக்கொண்டு தானே காரைக்காலுக்கு வந்தார். நானும் ஆபீஸில் அனுமதி கேட்டுக்கொண்டு போயிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த கிளார்க், மலரின் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு நிமிராமலேயே, "அப்பா என்ன வேலை பாக்குறாரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பார்சல் ஆபீசுல போன் பேசுற வேலைங்க."

கிளார்க் நிமிர்ந்து, அப்பாவின் கட்டம் போட்ட துண்டையும் காலில் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்தார். "அது உங்க பொண்ணு வேலை போலருக்கே. உங்க வேலையக் கேட்டேன்."

"அதத்தாங்க சொல்றேன்" என்றார் அப்பா. "எழுதிக்குங்க."